நடுவானில் எஞ்சின் உடைந்தால்: விமானம் பத்திரமாகத் திரும்பும் முழு வழி

எஞ்சின் பழுதாகித் திரும்பி வந்த விமானத்தைப் பற்றிய செய்தி பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும்: "அதிர்ஷ்டவசமாகப் பயணிகள் உயிர் தப்பினர்." அதிர்ஷ்டத்துக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எஞ்சின் உடைந்த நொடியிலிருந்து கடைசிப் பயணி தரையில் கால் வைக்கும் வரை விமானி அறையில் நடப்பவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். பயணியாக உங்களுக்கு எங்கெல்லாம் வேலை இருக்கிறது என்பதும் இடையிடையே வரும்.

இரண்டு விமானங்களை முன்னால் வைத்துக்கொள்வோம்.

முதலாவது, 2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய குவாண்டாஸ் 32. ஏர்பஸ் ஏ380, நான்கு எஞ்சின்கள், 469 பேர். கிளம்பிச் சில நிமிடங்களில், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே, இரண்டாம் எஞ்சினுக்குள் இருந்த டர்பைன் வட்டு (சூடான வாயு சுழற்றும் உலோகச் சக்கரம்) துண்டு துண்டாக வெடித்து இறக்கையைத் துளைத்துக்கொண்டு வெளியேறியது. அதன்பின் ஒன்றே முக்கால் மணி நேரம் வானில் இருந்துவிட்டுத்தான் அந்த விமானம் தரையிறங்கியது.

இரண்டாவது, 2021 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் டென்வரிலிருந்து ஹவாயின் ஹோனலுலுவுக்குக் கிளம்பிய யுனைடெட் 328. போயிங் 777, இரண்டே எஞ்சின்கள். வலது எஞ்சினின் விசிறி இதழ் ஒன்று முறிந்தது. எஞ்சினின் வாய்ப்பகுதியும் உறைகளும் பிய்ந்து புரூம்ஃபீல்ட் நகரத்தின் வீட்டு முற்றங்களில் விழுந்தன. இந்த விமானம் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் டென்வருக்கே திரும்பிவிட்டது.

ஒருவர் இத்தனை நேரம் காத்திருந்தார், இன்னொருவர் உடனே இறங்கினார். இரண்டுமே சரியான முடிவுகள். எவ்வளவு அவசரப்படவேண்டும் என்பதைக் கணிப்பதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி.

படி 1: சத்தம் கேட்டதும் விமானத்தைப் பறக்கவிடுவது

விமானிப் பயிற்சியில் முதலில் மனதில் பதியவைக்கும் வரிசை இது: முதலில் பற, பிறகு வழியைப் பார், அதற்கப்புறம் பேசு. எஞ்சின் வெடித்தாலும் முதல் வேலை எஞ்சினைப் பார்ப்பது அல்ல.

குவாண்டாஸ் விமானம் 7,000 அடி உயரத்தைக் கடக்கும்போது இரண்டு வெடிச்சத்தங்கள் கேட்டன. கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி செய்த முதல் காரியம், தானியங்கி விமானியிடம் இதே உயரத்தையும் இதே திசையையும் பிடித்துக்கொள் என்று சொல்லும் பொத்தான்களை அழுத்தியது. அப்படிச் செய்தால் எஞ்சின்களின் உந்துவிசையைத் தானியங்கிக் கருவியே குறைத்திருக்கவேண்டும். அது குறைக்கவில்லை. அதைக் கவனித்து, நெம்புகோல்களைக் கையால் பின்னுக்கு இழுத்தார். ஐந்தாறு நொடிகளில் முடிந்த வேலை. ஆனால் விமானம் நிலைகொண்டது இந்த இடத்தில்தான்.

இரட்டை எஞ்சின் விமானத்தில் இந்தப் படி இன்னும் கடினம். ஒரு பக்கம் உந்துவிசை போனதும் மறுபக்க எஞ்சின் விமானத்தின் மூக்கைச் செத்த எஞ்சின் பக்கமாகத் திருப்பப் பார்க்கும். வாலிலுள்ள சுக்கானைக் காலால் மிதித்து அதைச் சமன் செய்யவேண்டும். போயிங் 777இல் இந்த வேலையின் பெரும்பகுதியைக் கணினியே செய்துவிடுகிறது. பல பழைய விமானங்களில் விமானியின் கால்தான் செய்யும்.

எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடும் என்ற பயம் இங்கே தேவையில்லை. ஓடுபாதையில் ஓடும்போது, நிறுத்துவதா எழும்புவதா என்று முடிவெடுக்கும் எல்லையாக முடிவு வேகம் என்று ஒன்று உண்டு. அதைத் தாண்டியபின் ஓர் எஞ்சின் செத்தாலும், மிச்சமுள்ள ஒற்றை எஞ்சினால் மேலெழும்பிப் பறக்க முடியும் என்று நிரூபித்த பிறகுதான் எந்த இரட்டை எஞ்சின் ஜெட்டுக்கும் பயணிகளை ஏற்றும் உரிமை கிடைக்கிறது. விமானிகள் சிமுலேட்டரில் மீண்டும் மீண்டும் செய்து பார்ப்பதும் இதைத்தான்.

படி 2: எந்த எஞ்சின் என்று உறுதிசெய்வது

கேட்பதற்குச் சிறுபிள்ளை வேலைபோல இருக்கும். இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்கப்போவது இங்கேதான். ஏனென்றால் எஞ்சின் கோளாறு மரணமாக மாறியதற்கு இந்தப் படியில் நேர்ந்த தவறு பலமுறை காரணமாக இருந்திருக்கிறது.

1989 ஜனவரி 8. லண்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குச் சென்ற பிரிட்டிஷ் மிட்லாண்ட் 92, புத்தம்புதிய போயிங் 737-400. 28,000 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது இடது எஞ்சினின் விசிறி இதழ் உடைந்தது. விமானம் அதிர்ந்தது, விமானி அறைக்குள் புகை நாற்றம் வந்தது. விமானிகள் பழகியிருந்த பழைய 737 ரகத்தில் பயணிகள் பகுதிக்குக் காற்று வருவது வலது எஞ்சினிலிருந்து; புகை அந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று நினைத்தார்கள். ஆகவே கோளாறு வலதில் என்று எண்ணி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வலது எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார்கள்.

அதிர்வும் புகையும் உடனே தணிந்தன. விதி விளையாடியது அங்கேதான். தானியங்கி உந்துவிசைக் கருவியை அவர்கள் அணைத்ததால், உடைந்த இடது எஞ்சினுக்குள் அளவுக்கு மீறிப் பாய்ந்துகொண்டிருந்த எரிபொருள் குறைந்து, அது தற்காலிகமாக அமைதியடைந்தது. சரியான எஞ்சினைத்தான் தொட்டிருக்கிறோம் என்று விமானிகள் நம்பிவிட்டார்கள். வலது எஞ்சினை முழுவதும் நிறுத்தினார்கள். அதிர்வைக் காட்டும் மானி அந்தப் புதிய ரகத்தில் மிகச் சிறியது; யாரும் அதைக் கவனிக்கவில்லை. கிழக்கு மிட்லாண்ட்ஸ் விமான நிலையத்தை நெருங்கும்போது, இடது எஞ்சினுக்கு மீண்டும் வேகம் கொடுத்ததும் அதுவும் செத்துப்போனது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால், கெக்வொர்த் கிராமத்தின் அருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்தும் விஷயம் வேறு. வலது எஞ்சினில் கோளாறு, அதை நிறுத்திவிட்டோம் என்று கேப்டன் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இடது எஞ்சினிலிருந்து தீப்பொறிகள் வந்ததைத் தம் கண்ணால் பார்த்த பயணிகள் அந்த அறிவிப்பைக் கேட்டுக் குழம்பினார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து பணிப்பெண்ணிடம், "அம்மா, தீ வந்தது இந்தப் பக்கம் அல்லவா?" என்று கேட்கவில்லை. விமானிக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது என்ற மரியாதை.

எனவே பயணிக்கு முதல் வேலை இது. சன்னல் வழியே தீ, புகை, எரிபொருள் கசிவு எதைப் பார்த்தாலும், எந்தப் பக்கம், எந்த எஞ்சின் என்று விமானப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். விமானி அறையிலிருந்து பெரிய விமானங்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. குவாண்டாஸ் 32இல் துணை விமானிகளில் ஒருவர் சேதத்தைப் பார்க்கப் பயணிகள் பகுதிக்கு நடந்துவந்தார். அங்கே பயணியாக உட்கார்ந்திருந்த அதே நிறுவனத்தின் விமானி ஒருவர், இருக்கைக்கு முன்னுள்ள திரையைக் காட்டினார். வாலில் பொருத்திய கேமராவின் படம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. இடது இறக்கையிலிருந்து ஏதோ திரவம் ஒழுகுவது அதில் தெரிந்தது. கீழ்த்தளத்துக்குப் போய்ச் சன்னல் வழியே பார்த்து, எரிபொருள்தான் என்று அந்தத் துணை விமானி உறுதிசெய்துகொண்டார்.

கெக்வொர்த்துக்குப் பின்னும் பாடம் முழுதாகப் பதியவில்லை. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் டிரான்ஸ்ஏசியா 235 விழுந்ததும் நல்ல எஞ்சினை நிறுத்தியதால்தான். 43 பேர் மாண்டார்கள். இன்று எஞ்சின் சம்பந்தப்பட்ட எந்த நெம்புகோலையும் ஒருவர் தனியாக இழுப்பதில்லை. ஒருவர் கையை வைத்து, எந்த எஞ்சின் என்று வாய்விட்டுச் சொல்வார். மற்றவர் கண்ணால் பார்த்து உறுதி சொன்ன பிறகே கை அசையும்.

படி 3: எஞ்சினை அடக்குவது

வரிசை எளிது. உந்துவிசை நெம்புகோலை அடிமட்டத்துக்கு இழுப்பது, எரிபொருளை வெட்டுவது, தீ எச்சரிக்கை இருந்தால் தீ நெம்புகோலை இழுப்பது. அதை இழுத்ததும் எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய் (சக்கரம், பிரேக் போன்றவற்றை அழுத்தத்தால் இயக்கும் எண்ணெய்) எல்லாம் அந்த எஞ்சினுக்குப் போகாமல் அடைபடும். எச்சரிக்கை விளக்கு அணையாவிட்டால் தீயணைக்கும் புட்டி ஒன்றைத் திறப்பார்கள். முப்பது நொடி பொறுத்தும் அணையாவிட்டால் இரண்டாவது புட்டி. அத்துடன் கையிருப்பு தீர்ந்தது.

யுனைடெட் 328இல் தீ அணையவில்லை. புட்டியின் வாயு எட்டாத பகுதியில், எஞ்சினின் பின்புற உறைக்குள் அது எரிந்துகொண்டிருந்தது. உடைந்த விசிறி காற்றில் தள்ளாடிச் சுழல்வதையும் பின்னால் தீ எரிவதையும் பயணி ஒருவர் எடுத்த காணொளி உலகமெங்கும் பரவியது நினைவிருக்கலாம். அடுத்து வரும் முடிவுக்கு இந்தத் தீயே அடிப்படை.

படி 4: உதவி கேட்பது

இங்கே இரண்டு தரம் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 'மேடே'. நிலைமை மோசம், ஆனால் கட்டுக்குள் இருக்கிறது என்றால் 'பான் பான்'. யுனைடெட் மேடே சொன்னது; குவாண்டாஸ் பான் சொன்னது. விமானத்தின் அடையாளத்தை ரேடாருக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7700 என்று போட்டால், வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் திரையில் அந்த விமானம் தனித்துத் தெரியும். கட்டுப்பாட்டாளர் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு: விமானத்தில் எத்தனை உயிர்கள், எவ்வளவு எரிபொருள் மிச்சம். தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் அந்த விடையை வைத்துத்தான் கிளம்பும்.

படி 5: உடனே இறங்குவதா, காத்திருப்பதா

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று போய்விட்டால் பொது விதி தெளிவானது: பொருத்தமான, மிக அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கு. அருகில் ஒன்றுமில்லாதபோதுதான் சிரமம். 2017 செப்டம்பர் 30 அன்று கிரீன்லாந்துக்கு மேலே எஞ்சின் விசிறியே கழன்று விழுந்த ஏர் பிரான்ஸ் 66, கனடாவின் கூஸ் பே போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பறக்க நேர்ந்தது. நல்லவேளை, அது நான்கு எஞ்சின் கொண்ட ஏ380.

அருகிலேயே நிலையம் இருந்தாலும் எடை என்ற சிக்கல் உண்டு. நெடுந்தூரம் போகக் கிளம்பிய விமானத்தில் எரிபொருள் நிரம்பியிருக்கும். அது மேலெழும்பத் தாங்கும் எடை வேறு, தரையிறங்கத் தாங்கும் எடை வேறு. பெரிய விமானங்கள் பலவற்றில் எரிபொருளை வானிலேயே கொட்டும் வசதி இருக்கிறது. போதிய உயரத்தில் கொட்டினால் தரையை எட்டுமுன் ஆவியாகிவிடும். 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸுக்குத் திரும்பிய டெல்டா 89 தாழ்வாகப் பறக்கும்போது கொட்டியதால், அது பள்ளி மைதானத்தில் இருந்த குழந்தைகள்மீது விழுந்தது.

போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்ற சிறிய விமானங்களில் கொட்டும் வசதியே இல்லை. 2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பதைப்புடன் பார்த்தது. அங்கே எஞ்சின் நன்றாக இருந்தது. கோளாறு ஹைட்ராலிக் அமைப்பில். ஆனால் சுற்றியதற்குக் காரணம் இதுவே. அது 737. எரிபொருளைப் பறந்துதான் தீர்க்கவேண்டும். ஆபத்து கூடிக்கொண்டே போனதுபோல அன்று பேசப்பட்டது. உண்மையில் ஒவ்வொரு சுற்றிலும் ஆபத்து குறைந்துகொண்டிருந்தது.

யுனைடெட் 328இல் கொட்டும் வசதி இருந்தது, கொட்டவில்லை. எடை வரம்பைத் தாண்டியிருந்தாலும் பெரிய அளவில் தாண்டவில்லை, எரியும் எஞ்சினோடு வானில் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அதைவிட ஆபத்து என்று விமானிகள் கணித்தார்கள். கனத்த விமானம் தரையில் சற்றுப் பலமாக மோதினால் பிறகு பரிசோதித்துக்கொள்ளலாம். தீ இறக்கைக்குப் பரவினால் பிறகு என்பதே இல்லை.

குவாண்டாஸ் 32இன் கணக்கு தலைகீழ். தீ தொடரவில்லை, மூன்று எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் வட்டின் துண்டுகள் நூற்றுக்கணக்கான மின்கம்பிகளை அறுத்திருந்தன. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்றே தெரியாத விமானத்தை அவசரமாக இறக்குவதுதான் அங்கே ஆபத்து. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குக் கிழக்கே 7,400 அடியில் நீள்வட்டத்தில் சுற்றியபடி ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று முடிவானது.

படி 6: மிச்சமிருப்பதைக் கணக்கெடுப்பது

அன்று அந்த விமானி அறையில் ஐந்து விமானிகள் இருந்தார்கள். கேப்டனைச் சோதிக்க ஒருவர், அந்தச் சோதகரை மேற்பார்க்க இன்னொருவர் என்று தற்செயலாக அமைந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்வதானால் இதைச் சொல்லலாம். திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு செக்லிஸ்ட். எல்லாவற்றையும் முடிக்க ஏறத்தாழ 50 நிமிடங்கள் பிடித்தன.

ஓரிடத்தில் கணினி, எரிபொருளை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிச் சமன்செய்யச் சொன்னது. விமானிகள் செய்யவில்லை. தொட்டிகளும் குழாய்களும் துளைபட்டிருக்கும் நிலையில், மாற்றும் எரிபொருள் போகிற வழியிலேயே கசிந்துவிட்டால்? செக்லிஸ்டை மதிக்கவேண்டும், ஆனால் அதை எழுதியவர் இப்படியொரு சேதத்தைக் கற்பனை செய்திருக்கமாட்டார் என்பதும் தெரியவேண்டும். அன்றைய நாளின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று எதையும் செய்யாமல் விட்ட இந்த முடிவு என்பேன்.

அடுத்து, ஓடுபாதை போதுமா என்ற கணக்கு. பிரேக் முழுதாக இல்லை, குறைந்த வேகத்தில் தூக்க உதவும், இறக்கை முன்விளிம்பின் ஸ்லாட்டுகள் இல்லை, எடையோ வரம்பைத் தாண்டிப் பல்லாயிரம் கிலோ. முதல்முறை கணினியில் போட்டபோது விடையே வரவில்லை. ஈரமான ஓடுபாதை என்று கொடுத்திருந்ததை உலர்ந்த ஓடுபாதை என்று மாற்றிப் போட்டார்கள். இறங்கலாம், 100 மீட்டர் மிஞ்சும் என்றது. சாங்கியின் ஓடுபாதை நீளம் 4,000 மீட்டர்.

கணக்கை மட்டும் நம்பவில்லை. பாதுகாப்பான உயரத்திலேயே விமானத்தை இடமும் வலமும் சாய்த்து, சொன்னபடி கேட்கிறதா என்று சோதித்தார்கள். தரையிறங்கும் நிலைக்குக் கொண்டுவந்தபின் மீண்டும் ஒருமுறை. தரைக்கு அருகே போய்ச் சாய்கிறது என்று கண்டுபிடித்துப் பயனில்லை அல்லவா?

படி 7: இறங்குவது

சக்கரங்களை ஹைட்ராலிக் விசையால் இறக்க முடியவில்லை. பூட்டை விடுவித்து, அவற்றின் சொந்த எடையாலேயே கீழே விழவைத்தார்கள். வேகக் கட்டுப்பாட்டுக்கு டி கிரெஸ்பினி ஒரு வழி வைத்திருந்தார். இரண்டு ஓரத்து எஞ்சின்களின் விசையையும் ஒரே அளவில் வைத்துவிட்டு, மூன்றாம் எஞ்சினை மட்டும் கூட்டிக் குறைத்தார். வேகத்தில் விளையாட இடமே இல்லை: கொஞ்சம் கூடினால் ஓடுபாதை போதாது, கொஞ்சம் குறைந்தால் இறக்கை தூக்காது. தானியங்கி விமானி இடையில் கழன்றுகொண்டது. ஏறத்தாழ 1,000 அடியில் மறுபடி கழன்றபோது, மிச்சத்தைக் கையாலேயே ஓட்டினார். 11.46 மணிக்குத் தரை தொட்டது. ஓடுபாதையின் முடிவுக்கு ஏறத்தாழ 150 மீட்டர் இருக்கும்போது நின்றது.

இந்தப் படியில் பயணிக்கு வேலை குறைவு. பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள், காலணியைக் கழற்றாதீர்கள், உங்கள் வரிசையிலிருந்து வெளியேறும் கதவு எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது.

படி 8: நின்றபின் வெளியேறுவதா, உள்ளேயே இருப்பதா

விமானம் நின்றதும் எல்லாம் முடிந்தது என்று கைதட்டுவது வழக்கம். குவாண்டாஸ் 32இல் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கியது. பிரேக்குகள் 900 டிகிரி செல்சியஸ்வரை கொதித்தன. இடப்பக்கம் நான்கு டயர்கள் காற்றிறங்கின. அதே பக்கத்தில் எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது. போதாததற்கு முதலாம் எஞ்சின் நிற்கவே இல்லை. அதை நிறுத்தும் கம்பிகள் அறுந்திருந்தன.

சறுக்குப் பலகையில் உடனே இறக்கிவிடலாமே என்று தோன்றும். கீழே எரிபொருள் குட்டை, ஓடும் எஞ்சின். மேல்தளத்திலிருந்து சறுக்கினால் கை கால் முறிய நல்ல வாய்ப்பு. தீயணைப்பு வீரர்கள் நுரையடித்துப் பிரேக்கைக் குளிர்விக்கும்வரை உள்ளேயே இருப்பது என்று விமானிகள் முடிவெடுத்தார்கள். பணியாளர்கள், நிலைமை மாறினால் நொடியில் கதவைத் திறக்கும் ஆயத்தத்துடன் நின்றார்கள். பிறகு படிக்கட்டு வந்தது. வலப்பக்கம் ஒரே ஒரு கதவு வழியாக 440 பயணிகளும் இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை. முதலாம் எஞ்சினை நுரையில் மூழ்கடித்து நிறுத்த மூன்று மணி நேரம் ஆனது.

இதற்கு நேர்மாறான நாளும் உண்டு. 2016 அக்டோபர் 28 அன்று சிகாகோவில் அமெரிக்கன் 383 ஓடுபாதையில் ஓடும்போதே வலது எஞ்சின் வெடித்து, தீப்பிடித்தது. அங்கே உடனடியாக வெளியேறுவதைத் தவிர வழியில்லை. ஆனால் வெளியேற்றம் தொடங்கியபோது இடது எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்று வீச்சில் தூக்கியெறியப்பட்ட பயணி ஒருவர் படுகாயமடைந்தார்.

ஆக, உத்தரவு வராமல் கதவைத் திறக்காதீர்கள். உத்தரவு வந்துவிட்டால் பையைத் தொடாதீர்கள். 2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்திலிருந்து போய்த் துபாயில் தரையில் மோதி எரிந்த எமிரேட்ஸ் விமானத்தில், புகைக்கு நடுவே மேலே கைநீட்டிப் பெட்டி தேடியவர்களின் காணொளியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

படி 9: ஏன் உடைந்தது என்று பார்ப்பது

குவாண்டாஸ் 32 பற்றி ஆஸ்திரேலிய விசாரணை அமைப்பு 2013இல் தன் அறிக்கையை வெளியிட்டது. குற்றவாளி, எண்ணெய் கொண்டுபோகும் ஒரு சின்னஞ்சிறு குழாய். உள்ளே குடைந்த துளை மையத்திலிருந்து விலகியிருந்ததால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து, நாளடைவில் விரிசல் கண்டது. கசிந்த எண்ணெய் தீப்பிடித்தது. சூட்டில் வட்டு தன் தண்டிலிருந்து பிரிந்தது. தடுக்க ஒன்றுமில்லாததால் வேகம் ஏறி வெடித்தது. அதே ரக எஞ்சின்களில் அந்தக் குழாய்களைச் சோதித்து, தவறானவற்றை அகற்றினார்கள். வட்டு வெடிக்கும் வேகத்தை எட்டுமுன் எஞ்சினை நிறுத்தும்படி அதன் கட்டுப்பாட்டு மென்பொருளையும் மாற்றினார்கள்.

யுனைடெட்டின் விசிறி இதழிலும் உலோகச் சோர்வால் வந்த விரிசல்தான். உள்ளே பொள்ளலான டைட்டானியம் இதழ் அது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அதே எஞ்சின் பொருத்திய 777 விமானங்கள் 2022 வரை பறக்க அனுமதிக்கப்படவில்லை. குவாண்டாஸின் அந்த ஏ380 சிங்கப்பூரிலேயே பழுதுபார்க்கப்பட்டு, 2012 ஏப்ரலில் மறுபடி பயணிகளை ஏற்றத் தொடங்கியது.